பால் பொங்கிய வீடுகள் எத்தனை?

குற்றாலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஐந்தருவி, தலை வழியும் எண்ணெய், பல் கிடுகிடுக்கும் குளியல், குளித்து எழுந்த மறு நிமிஷம் கிளம்பும் அகோரப் பசி, போன வருஷம் உங்கள் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிய குரங்கு எல்லாம் வரும். மனை விலை ஞாபகத்துக்கு வராது. வரவும் வேண்டாம், குளிக்கப் போகிற இடத்தில் அந்தக் கவலை எதற்கு?

ஆனால் அடுத்த தடவை தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, குற்றாலத்துக்குப் போகும் அந்த ஐந்தாறு கிலோமீட்டரைக் கடக்கும்போது, மலையைப் பார்த்த கண்ணைச் சற்றே தாழ்த்திச் சாலையோரத்தையும் பாருங்கள். கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, கொடி கட்டிய வெற்று நிலங்கள் தென்படும். பக்கத்திலேயே பலகை. 'அருவிக்கு அருகில்', 'மலை பார்த்த மனை', 'சாரல் வீசும் மனை' என்கிற தினுசில் விளம்பரம். சாரலையும் சதுர அடிக் கணக்கில் விற்கலாம் என்று நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! வருஷத்தில் மூன்று மாதம் வீசும் சாரலுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள் என்பதுதான் சங்கதி.

இவ்வளவு மனை கிடக்கிறது, கொத்தனார்களுக்கோ ஓய்வில்லை, எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஜல்லிக் குவியல் வழி மறிக்கிறது. ஆகவே தென்காசியில் வீட்டுக்குப் பஞ்சம் இராது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படி எண்ணிக்கொண்டுதான் போனேன். மாற்றலாகி அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்த ஓர் ஆசிரியையையும் அவருடைய தாயாரையும் பார்த்தேன். வாடகை வீட்டுக்காகப் பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அலைந்துகொண்டிருந்தார்கள்.

"வீடா இல்ல, தம்பி? பாக்குற இடமெல்லாம் வீடுதான்" என்றார் அந்த அம்மாள். "குடியிருக்க விடுததுக்குத்தான் வீடு இல்ல."

அந்த அம்மாள் விளையாட்டாகச் சொன்ன பேச்சில் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

குதிரைத் தட்டிப் பார்க்கிறோமா?

பழைய நாளில் நம் வீடுகளில் நெல்லுக் குதிர் உண்டு. பிசான அறுவடை முடிந்து நெல் உள்ளே போனதும் வீட்டுக்காரி சும்மா இருந்துவிட மாட்டாள். கார் அறுவடை வரையில் தாங்குமா, நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் என்ன செய்வது என்று அவ்வப்போது குதிரைத் தட்டிப் பார்ப்பாள். சத்தத்தைக் கொண்டே எத்தனை மரக்கால் மிச்சம் என்று சொல்லிவிடுவாள். வயலில் இருப்பது நெல், குதிரில் இருப்பதும் நெல், ஆனால் இலையில் விழுவதுதான் சோறு என்கிற வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

ஓர் ஊரின் வீட்டுக் கணக்கும் இதே கணக்குத்தான். வீடு கட்டுவதற்கென்று ஒதுங்கிய நிலம் எவ்வளவு, அதில் வேலை துவங்கியது எத்தனை, முடிந்தது எத்தனை, முடிந்ததில் ஆள் குடியிருப்பது எத்தனை? இங்கிலாந்தில் இதை நகரசபைகளின் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு வேண்டிய வீடுகளைக் கட்ட நிலம் கையிருப்பில் இருக்கிறதென்று ஒவ்வோர் உள்ளூர் நிர்வாகமும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கை அழுத்தமாகச் சொன்னது. ஏப்ரல் முதல் மார்ச் வரை எத்தனை வீடு முடிந்தது என்று எண்ணி எழுதுகிறார்கள். கையிருப்பைக் காட்ட முடியாத நகரசபை, வீடு கட்ட வருகிறவர்களை மறுப்பது கஷ்டம் ஆகிவிடும். 2023 டிசம்பரில் இந்த விதியைத் தளர்த்தினார்கள். ஒரு வருஷம் கழித்து 2024 டிசம்பரில் மறுபடியும் இறுக்கினார்கள். அவ்வளவு கணக்குப் பார்த்தும் அங்கே வீட்டு விலை குறைந்தபாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதினால் மட்டும் குதிர் நிரம்பாது. ஆனால் குதிர் காலியாகிறது என்பதாவது தெரியும் அல்லவா?

அமெரிக்காவிலோ மாதந்தோறும் கணக்கு. எத்தனை வீடு முடிந்தது என்பதை 1968ஆம் ஆண்டிலிருந்து மாதம் தவறாமல் எடுத்து வருகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வீடு 'முடிந்தது' என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு அவர்கள் இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு மண் தோண்டினால் துவக்கம். தரை வேலை முழுதும் முடிந்து, மேல் விரிப்புப் போட்டாகிவிட்டால் வீடு முடிந்தது. அதற்கு முன்பே யாராவது குடி புகுந்துவிட்டால், குடி புகுந்த அன்றே முடிந்ததாகக் கணக்கு.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மிடம் இதற்கு நல்ல இலக்கணம் வெகு காலமாகவே இருக்கிறதே! வாசக்கால் வைத்தால் வீடு எழும்புகிறது என்று அர்த்தம். பால் பொங்கினால் முடிந்தது. மாலையில் விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறது. மனை, வாசக்கால், பால், விளக்கு என்று நாலு பத்தி போட்டு ஒரு நோட்டு வைத்தால் எந்த ஊரின் வீட்டுக் கணக்கையும் எழுதிவிடலாம். நம் ஊர்களில் முதல் பத்தியை எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பின் மூன்று பத்திகளை எழுதத்தான் ஆள் இல்லை.

பாட்டுக்கு ஒரு மனை

குற்றாலச் சீமையில் மனை வாங்குவதற்கு ஒரு காலத்தில் வேறு வழியும் இருந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே 'குறவஞ்சி மேடு' என்று பெயர் வந்துவிட்டது. பத்திரச் செலவு, தரகு, அப்ரூவல் ஒன்றும் கிடையாது. இன்றைக்கு யாராவது குறவஞ்சி பாடிக்கொண்டு போனால் தரகர் முதலில் முன்பணம் கேட்பார்!

போகட்டும். இப்போது மேலகரம், இலஞ்சி, ஆயிரப்பேரி, குத்துக்கல்வலசை என்று தென்காசியைச் சுற்றிய ஊர்களில் எல்லாம் ஜனங்கள் மனை பார்க்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியில் 70,545 பேர். அப்போது அது திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு தாலுகாத் தலைநகரம். 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி ஜில்லா ஆயிற்று. கலெக்டர் வந்தார், போலீஸ் சூப்பிரண்டு வந்தார், அவர்களுக்குப் பின்னால் குமாஸ்தாக்களும் அவர்களுடைய குடும்பங்களும் வந்தன. அதற்கும் முன்பே 2011இல், ஸோஹோ கம்பெனி பக்கத்து மத்தளம்பாறையில் காரியாலயம் திறந்தது. கம்ப்யூட்டர் வேலைக்கென்று சென்னைக்குப் போன பிள்ளைகள் சிலர் அந்த வேலையோடு ஊர்ப்பக்கமே திரும்பினார்கள். கம்பெனியை ஆரம்பித்த ஸ்ரீதர் வேம்பு 2019இல் தாமே அங்கு குடி வந்துவிட்டார். அப்புறம் சாரல் காலத்துக்கு ஒரு வீடு வைத்துக்கொள்ள ஆசைப்படும் வெளியூர்க்காரர்கள் வேறு. கேரளம் பக்கத்தில், வெளிநாட்டுப் பணமும் பக்கத்தில்.

இத்தனை பேருக்கும் நிலம் எங்கேயிருந்து வரும்? மேற்கே நகர முடியாது. மலையும் காடும் இருக்கின்றன. மலையடிவாரத்தில் சில கிராமங்கள் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் இருப்பதால், அங்கே மனை பிரிக்க அதன் இசைவும் வேண்டும். கோயில் நிலம் இருக்கிறது. அதில் கை வைக்கக்கூடாது. குளம் குட்டை இருக்கின்றன. அதில் கால் கூட வைக்கக்கூடாது. மிச்சம் இருப்பது காரும் பிசானமும் விளைந்த வயல்.

ஓர் ஏக்கர் வயலை மனையாக்கினால் என்ன கிடைக்கும் என்று ஒரு கடிதக் கவரின் முதுகில் கணக்குப் போட்டேன். ஏக்கர் என்பது 100 சென்ட். 43,560 சதுர அடி. சாலைக்கு உத்தேசமாக 30 சதவிகிதம் போனால் மீதி 30,500 சொச்சம். அதில் பூங்காவுக்கென்று பத்தில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 27,500 சதுர அடி. இரண்டரை சென்ட் மனை ஒன்று 1,089 சதுர அடி. ஆக 25 மனை. 25 குடும்பங்களுக்கு வீடு என்றால் ஓர் ஏக்கர் நெல்லை விட்டுக்கொடுப்பது ஓரளவுக்கு நியாயம்தான் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த இருபத்தைந்தில் இருபது மனையில் பத்து வருஷம் கருவேலம் முளைத்துக் கிடந்தால்? நெல்லும் போயிற்று, வீடும் வரவில்லை. வீடு தேடுகிறவர்களுக்காக இன்னோர் ஏக்கரில் கல் நடுவார்கள். ஒரே வீட்டுக்காக இரண்டு வயலைச் சாப்பிடுவது என்பது இதுதான்.

சட்டம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இலேயே வந்தது. திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017இல் தனி விதிகள் வந்தன. நஞ்சையானால் கலெக்டரின் இசைவு வேண்டும். ஆனால் இவையெல்லாம் நிலம் மனையாகும் வாசலைக் காக்கிற காவல்காரர்கள். மனை வீடாயிற்றா என்று பின்கட்டில் போய்ப் பார்க்கிற வேலை அவர்களுடையது அல்ல.

நகையும் மனையும்

மனையை ஏன் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டால், சகோதரிகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கே பதில் தெரியும். நம் குடும்பங்களில் மனை என்பது மண்ணில் புதைத்து வைத்த நகை. பெண் பிறந்த வருஷம் ஒரு மனை, பெண்ணின் கல்யாணத்துக்கு அதை விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. சீட்டுப் பணமும் கழுத்துச் சங்கிலியும் மாதத் தவணையாகி, தவணை பத்திரமாகி, பத்திரம் பீரோவில் இருக்கும். வீடு கட்டுகிற எண்ணம் அதில் எங்கேயும் இருந்ததில்லை.

அந்த நகைக்கு ஒரு சமயம் பெரிய சோதனை வந்தது. 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அனுமதி இல்லாமல் பிரித்த மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்பது அதன் சாரம். வயலை வாங்கிக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்த வியாபாரம் மாநிலம் முழுவதும் நின்றது. நீதிமன்றத்தின் நோக்கம் மிகவும் நல்லது. விளைநிலம் அழிகிறது என்பதுதான் அதன் கவலை. ஆனால் அடி விழுந்தது தவணை கட்டி வாங்கிய குடும்பங்களின் மேலும்தான். தை மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மனையை விற்கப் போனவர்கள் பதிவு ஆபீஸிலிருந்து திரும்பி வந்தார்கள். பிறகு 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்ற மனையானால் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். காலக்கெடுவைப் பல முறை நீட்டித்தார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரியவந்தது. எத்தனை மனை அனுமதியில்லாமல் கிடக்கிறது, எத்தனை குடும்பத்தின் பணம் அதில் முடங்கியிருக்கிறது என்பது, கதவைச் சாத்திய பிறகுதான் சர்க்காருக்கே தெரிய ஆரம்பித்தது. வருஷா வருஷம் எண்ணியிருந்தால் ஒரே நாளில் கதவைச் சாத்த வேண்டியிருந்திராது.

புகைப்படம் எடுக்கும் வீடும் எடுக்காத வீடும்

இனி வாசக்காலுக்கும் பாலுக்கும் வருவோம். இலஞ்சிப் பக்கத்தில் ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் வயதானவர், நல்ல பேச்சுக்காரர். "எப்போது முடியும், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வாசக்கால் வச்சாச்சு, பாதி வீடு முடிஞ்ச மாதிரி தம்பி. மீதிப் பாதி லோன் கையில இருக்கு" என்றார். பிறகு தாமாகவே, "பூச்சு வேலை பாக்காமலே பால் காச்சுனவுக இருக்காக. பூசி முடிச்சுப் பத்து வருசம் பால் காச்சாதவுகளும் இருக்காக" என்றார்.

இந்த இரண்டாவது ரகத்தைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. வீடு கட்ட ஆரம்பிப்பதற்கு அனுமதி வேண்டும். அதற்கு ஒரு காகிதம் உண்டு. இதையும் இப்போது சுலபமாக்கிவிட்டார்கள். 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் ஆனால், சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி வாங்கலாம் என்று 2024 ஜூலையில் திட்டம் வந்தது. ரொம்ப சௌகரியம், இடைத்தரகருக்குக் கொஞ்சம் நஷ்டம். ஆனால் கட்டி முடித்ததற்குக் காகிதம்? 2019ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி 12 மீட்டருக்கு மேல் உயராத, மூன்று குடித்தனத்துக்கு மேல் போகாத சிறு வீடுகளுக்கு முடிவுச் சான்று வாங்க வேண்டியதில்லை. பிறகு அந்தச் சலுகை இன்னும் விரிந்தது. குடும்பஸ்தனுக்கு ஓர் அலைச்சல் மிச்சம் என்பதால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தென்காசி போன்ற ஊரில் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவு வீடுகள்தாமே? ஆகவே துவக்கம் கணக்கில் ஏறுகிறது, முடிவு ஏறுவதில்லை.

இதில் ஒரு விநோதம் பாருங்கள். ஏழைக் குடும்பம் சர்க்கார் உதவியில் கட்டுகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. 2016இல் துவங்கிய கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், கூரை என்று கட்டத்துக்குக் கட்டம் புகைப்படம் எடுக்கிறார்கள். எந்த இடத்தில் எடுத்தது என்பது படத்திலேயே பதிவாகிறது. படம் வந்தால்தான் அடுத்த தவணை வரும். நம் மாநில சர்க்காரும் 2030க்குள் குடிசை இல்லாத தமிழகம் என்று சொல்லி எட்டு லட்சம் வீடுகளுக்குத் திட்டம் போட்டு, 2024-25இல் முதல் லட்சம் வீட்டை ஆரம்பித்தது. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடி. இந்த வீடுகளில் எத்தனை முடிந்தது என்று ஒரு நாளில் சொல்லிவிடலாம். முப்பது, நாற்பது லட்சம் கடன் வாங்கிக் கட்டும் நடுத்தரக் குடும்பத்தின் வீடு முடிந்ததா இல்லையா என்பது, பால் காய்ச்சக் கூப்பிட்ட உறவுக்காரர்களுக்கு மட்டுந்தான் தெரியும்!

தகவல் எங்குமே இல்லையா என்றால், சிதறிக் கிடக்கிறது. மின்வாரியத்தில் வீட்டு இணைப்புக் கொடுத்த தேதி இருக்கிறது. நகராட்சியில் வீட்டு வரி போட்ட தேதி இருக்கிறது. குடிநீர் இணைப்புக்கு ஒரு தேதி இருக்கிறது. மூன்றையும் வருஷத்தில் ஒரு நாள் ஒரு மேஜையில் வைத்துக் கூட்டினால் தென்காசியில் எத்தனை வீட்டில் பால் பொங்கிற்று என்று எழுதிவிடலாம். மின் கட்டணத்தைப் பார்த்தால் விளக்கு எரிகிறதா என்பதையும் எழுதிவிடலாம். கூட்டி எழுதி, நகராட்சி வாசலில் ஒட்டுகிற வழக்கந்தான் நம் ஊர்களில் இல்லை.

விளக்கில்லா வீடுகள்

குற்றாலத்தில் ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைக்கும் வேளையில் சில தெருக்களில் நடந்தேன். சாரல் முடிந்து, கூட்டம் வடிந்து, கடைக்காரர்கள் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்த சமயம். அழகான வீடுகள். மாடியில் மலை பார்க்க ஊஞ்சல். வாசலில் பூட்டு. சருகு மூடிய கோலத் திண்ணை. ஒரு வீட்டுக்கு அடுத்து இன்னொரு வீடும் அப்படியே. சில வீடுகளில் காவல்காரர் ஒருவர் சைக்கிள் கொட்டகையில் சமையல் பண்ணிக்கொண்டிருந்தார். இவற்றை எல்லாம் 'முடிந்த வீடு' என்றே கணக்கு வைக்க வேண்டும். ஆனால் ஆசிரியைக்கும் அவர் தாயாருக்கும் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. பூட்டி வைத்திருப்பதே சாரல் மாதங்களில் நாள் வாடகைக்கு விடுவதற்காக என்றால் மாத வாடகைக்கு யார் விடுவார்கள்?

ரசிகமணி டி.கே.சி. இதே குற்றாலத்தில்தான் தம் கடைசிக் காலம் வரை வாழ்ந்து 1954இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்து தங்கினார்கள். அவர் சாரலுக்கு வந்து போகிறவராக இல்லை. அந்த ஊர்க்காரராக இருந்தார். அந்த வீட்டில் விளக்கு எரிந்தது, இலை விழுந்தது. வருஷம் முழுவதும் குடியிருக்கிறவர்கள் இருந்தால்தான் ஒரு தெருவுக்குப் பால்காரர் வருவார், பள்ளிக்கூட வண்டி வரும், சாக்கடை அடைத்தால் சண்டை போட ஓர் ஆள் இருக்கும்.

இது குற்றாலத்தின் தனிக் குற்றம் அல்ல. 2011 கணக்கெடுப்பில் பாரத தேசம் முழுவதும் சுமார் 33 கோடி வீடுகளும் கட்டடங்களும் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி காலி. அதற்கடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடந்திருக்க வேண்டியது, நடக்கவில்லை. 2027க்குத் தள்ளி, அதற்கு முன்னோடியான வீட்டுப் பட்டியலை 2026க்கு வைத்தார்கள். ஆக, தென்காசி தாலுகாத் தலைநகரமாக இருந்தபோது எண்ணிய வீடுகளை வைத்துக்கொண்டு, ஜில்லாத் தலைநகரமான தென்காசிக்குத் திட்டம் போட வேண்டியிருந்தது. பத்து வயதுப் பையனுக்கு எடுத்த அளவில் இருபத்தைந்து வயது மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்தால் எப்படி இருக்கும்?

தண்ணீரின் சங்கதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் கண் மூடித் திறப்பதற்குள் காட்டு வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சிதறி ஓடிற்று; ஒரு பள்ளிக்கூடச் சிறுவன் பலியானான். அது மலையில் பெய்த மழை. மனைக்காரர்கள் மேல் பழி போடக்கூடாது. ஆனால் மேலே அப்படிப் பெய்கிற மழை கீழே சிற்றாற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் தங்கித்தான் போக வேண்டும். வாய்க்காலின் மேல் வாசக்கால் வைத்துவிட்டால் அது வேறு வழி தேடும். வெள்ளம் பட்டாவைப் பார்த்துவிட்டு நுழைவதில்லை. அருவித் தண்ணீரையே திருப்பிச் செயற்கை அருவி செய்துகொண்ட தனியார் விடுதிகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

பீரோவைத் திறக்கும் முன்

நகையைக் கழற்றுவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. மனைப் பிரிவின் மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால், ரெரா என்று எல்லோரும் சொல்லும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சட்டம் 2016இல் வந்தது. பதிவு எண்ணை வைத்துக்கொண்டு ஆணையத்தின் இணையப் பக்கத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர்கள் தெரிவித்தாக வேண்டும். வாங்குபவர்கள் கொடுத்த பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்த வேலைக்கே செலவிட வேண்டும். பலகையில் 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் போதாது. அனுமதி எண் எது, அந்த வரைபடத்தில் உங்கள் மனைக்கு என்ன நம்பர் என்று கேளுங்கள். பூங்கா என்று காட்டிய இடத்தில் போய் நில்லுங்கள். அங்கே கல் நட்டிருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்ப்பதோடு, அந்த சர்வே எண் கோயில் நிலமா, நீர்நிலையா என்பதைப் பத்திரப் பதிவு ஆபீஸில் விசாரியுங்கள்.

இன்னும் ஒன்று. இதை எந்த வக்கீலும் சொல்ல மாட்டார். அந்த மனைப் பிரிவுக்கு ஒரு நாள் மாலை ஆறரை மணிக்குப் போங்கள். எத்தனை மனை, எத்தனை வாசக்கால், எத்தனை வீடு, எத்தனை விளக்கு என்று குழந்தையை விட்டு எண்ணச் சொல்லுங்கள். பத்து வருஷமான பிரிவில் விளக்குகள் கைவிரல்களுக்குள் அடங்கினால், நீங்கள் வாங்கப் போவது அக்கம்பக்கம் இல்லாத ஒரு கல். பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் வெளியே போக முடியாது; தெரு விளக்குக்கும் சாலைக்கும் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊர்க் கணக்குக்கும் இதே வழிதான். மனைப் பிரிவுகள் பெரும்பாலும் நகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிகளில்தாம் முளைக்கின்றன. ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெண்கள் போய்ப் பேசலாம், கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி நீளமானதல்ல. "போன வருஷம் நம் ஊரில் எத்தனை மனைக்கு அனுமதி கொடுத்தீர்கள்? எத்தனை வீட்டுக்குப் புதிதாக வரி போட்டீர்கள்?" இரண்டு எண்ணும் ஊராட்சிப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி சொல்லுங்கள். அடுத்த வருஷம் அதே தேதியில் போய் அதே கேள்வியைக் கேட்டால், பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.